சேவலுக்குள் ஒரு நாழிகை வட்டில்

எங்கள் பாட்டி வீட்டில் சுவர்க் கடிகாரம் இருந்தது. ஆனால் பாட்டி அதைப் பார்த்து எழுந்து நான் கண்டதில்லை. "முதக்கோழி கூவிருச்சு" என்று சொல்லிக்கொண்டே பாயைச் சுருட்டுவாள். வெளியே கும்மிருட்டாக இருக்கும். தொழுவத்துச் சுவரில் நிற்கும் சேவல் கழுத்தை நீட்டி, நெஞ்சைப் புடைத்து ஒருமுறை கூவும். சற்றுப் பொறுத்து எதிர்வீட்டுக் கூரையிலிருந்து இன்னொன்று. அப்புறம் நாலு வீடு தள்ளி மூன்றாவது. தினமும் இதே வரிசை. கிழக்கு வெளுக்க அதற்குப் பிறகும் நெடுநேரம் ஆகும்.

அந்த வயதில் எனக்கு இதில் சந்தேகம் ஏதும் வரவில்லை. விடியப்போவது சேவலுக்குத் தெரியும், அதனால் கூவுகிறது, அவ்வளவுதான். பின்னாளில்தான் கேள்வி உறைத்தது. வெளிச்சமே வராதபோது அது வரப்போவது சேவலுக்கு எப்படித் தெரிகிறது? நம் கண்ணுக்கு எட்டாத மெல்லிய ஒளி அதற்குப் படுகிறதா? பின்னிரவுக் குளிர்ச்சி எழுப்பிவிடுகிறதா? நள்ளிரவில் தெருவில் திரும்பும் வண்டியின் முகப்பு விளக்கு பட்டாலும் சில சேவல்கள் கூவிவிடுகின்றன. அப்படியானால் கூவல் வெளிச்சத்துக்குக் கொடுக்கும் பதில்தானா?

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ஷிம்முராவும் யோஷிமுராவும் இதைச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். சேவல்களை ஓர் அறையில் வைத்து, 12 மணி நேரம் நல்ல வெளிச்சமும் 12 மணி நேரம் மங்கல் ஒளியுமாக மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். விளக்கு எரிய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருக்கும்போதே சேவல்கள் கூவத் தொடங்கின. பிறகு வெளிச்சத்தை நிறுத்திவிட்டு நாள் முழுதும் மங்கல் ஒளியே இருக்கும்படி செய்தார்கள். அறைக்குள் இனி விடியலும் இல்லை, அந்தியும் இல்லை. அப்போதும் பல நாள் வரை, 24 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் கூவல் திரும்பத் திரும்ப வந்தது.

வண்டி விளக்கின் கதையையும் அவர்கள் விடவில்லை. நாளின் வெவ்வேறு வேளைகளில் விளக்கைப் போட்டும், பதிவுசெய்த கூவலை ஒலிக்கவிட்டும் பார்த்தார்கள். இரண்டுக்குமே சேவல்கள் பதில் கூவின. ஆனால் அவற்றின் உள்கணக்குப்படி விடியற்காலையாக இருந்தபோது கூவல் மிகுதி, மற்ற வேளைகளில் குறைவு. விளக்கு அதே விளக்குதான். அதற்கு என்ன பொருள் என்பதைச் சேவலுக்குள் ஓடும் ஏதோ ஒன்று முடிவு செய்கிறது.

விலங்குகளின் நடத்தையை விளக்கும்போது தூண்டல், துலங்கல் என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்வது பள்ளிக்கூடப் பழக்கம். இந்த அத்தியாயம் அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஒன்றைப் பற்றியது.

நியூயார்க்கில் பாரிஸ் நேரம்

கதை தொடங்குவது விலங்கில் இல்லை, ஒரு செடியில். 1729-இல் பிரெஞ்சு வானியலாளர் டி மேரான், பகலில் இலை விரித்து இரவில் மூடும் தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்தார். வெயிலே படாவிட்டாலும் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் மூடின. செடிக்குள் கடிகாரம் இருக்கிறது என்று அவர் சொல்லிவிடவில்லை. சூரியனைப் பார்க்காமலே செடி அதை எப்படியோ உணர்கிறது என்றுதான் நினைத்தார்.

அந்த 'எப்படியோ' இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தொல்லை கொடுத்தது. அறையை எவ்வளவு இறுக்கி மூடினாலும் பூமியின் சுழற்சியிலிருந்து நாம் அறியாத ஏதோ ஒரு சமிக்ஞை சுவரைத் தாண்டி உள்ளே வரலாமே என்று யாராவது கேட்டால், இல்லை என்று நிரூபிப்பது எப்படி?

வழி காட்டியவை தேனீக்கள். சுவிட்சர்லாந்தில் அகஸ்ட் ஃபோரெல் என்ற மருத்துவர் திறந்த வெளியில் காலை உணவு சாப்பிடுவார். மேசையில் இருக்கும் ஜாமைத் தேடித் தேனீக்கள் வரும். ஜாம் வைக்காத நாளிலும் அவை அதே நேரத்துக்கு வந்து வட்டமிட்டதை அவர் கவனித்தார். நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளத் தேனீக்களைப் பழக்க முடியும் என்பதை 1929-இல் இங்கெபோர்க் பேலிங் சோதனைகளால் காட்டினார்.

1955-இல் மாக்ஸ் ரென்னர் பாரிஸில் ஒரு மூடிய அறைக்குள், மாறாத விளக்கொளியில், தேனீக்களுக்கு இரவு 8.15 முதல் 10.15 வரை மட்டும் சர்க்கரைநீர் கொடுத்துப் பழக்கினார். பிறகு அவற்றை விமானத்தில் ஏற்றி, அட்லாண்டிக்கைக் கடந்து, நியூயார்க்கில் அச்சாக அதே மாதிரி அமைத்த அறைக்குக் கொண்டுபோனார். பூமியின் சுழற்சி நேரம் சொல்கிறது என்றால், தேனீக்கள் நியூயார்க்கின் இரவு 8.15-க்கு வர வேண்டும். அவை வந்ததோ பிற்பகல் 3.15 வாக்கில். கடைசியாக உணவு கிடைத்து 24 மணி நேரம் ஆகியிருந்தது. நியூயார்க்கில் இருந்துகொண்டு தேனீக்கள் பாரிஸ் நேரத்தில் பசியாறக் கிளம்பின.

இன்னொரு சான்று, அந்த 24 என்ற எண் அச்சாக அமையாததில் இருக்கிறது. ஒளியும் இருளும் மாறாத அறையில் விட்டால் ஓர் உயிரின் நாள் 23 மணி சொச்சமாகவோ 24-ஐத் தாண்டியோ ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் சமிக்ஞையாக இருந்தால் எல்லாவற்றுக்கும் துல்லியமாக 24 என்றே வர வேண்டும். இப்படிச் சற்றே பிசகி ஓடுவதால்தான் ஃபிரான்ஸ் ஹால்பெர்க் 1959-இல் இதற்கு 'சர்க்காடியன்' என்று பெயர் வைத்தார். ஏறக்குறைய ஒரு நாள் என்று பொருள்.

மூன்று விதமான ஈக்கள்

கடிகாரம் உள்ளே இருக்கிறது, சரி. அது எதனால் ஆனது?

கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சீமோர் பென்சரின் மாணவராக இருந்த ரொனால்டு கொனோப்கா இந்தக் கேள்வியைப் பழ ஈக்களிடம் கேட்டார். அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்குமே, அந்தக் குட்டி ஈதான். கூட்டுப்புழுவின் கூட்டை உடைத்து ஈ வெளியே வரும் நேரம் சும்மா அமைவதில்லை. பெரும்பாலும் விடியலை ஒட்டியே வரும். புதிதாக வந்த ஈயின் உடல் மெத்தென்று இருக்கும், இறக்கை மடிந்து கசங்கிக் கிடக்கும். அது விரிந்து விறைக்கும்வரை காற்றில் ஈரம் வேண்டும். வெயில் ஏறிய பின் வந்தால் காய்ந்துபோகும். அன்று காலை வாசலைத் தவறவிட்ட ஈ, முழுதாக வளர்ந்திருந்தாலும் மறுநாள் காலை வரை கூட்டுக்குள்ளேயே காத்திருக்கும்.

கொனோப்கா வேதிப்பொருள் கொடுத்து ஈக்களின் மரபணுக்களில் சடுதிமாற்றங்களை உண்டாக்கி, ஏறத்தாழ 2,000 வழித்தோன்றல் வரிசைகளை வளர்த்தார். ஒவ்வொன்றிலும் ஈக்கள் எந்த நேரத்தில் வெளியே வருகின்றன என்று பார்த்தார். மூன்று வரிசைகள் சிக்கின. ஒன்றின் நாள் 19 மணி நேரம். இன்னொன்றின் நாள் 28 மணி நேரம். மூன்றாவதுக்கு நாள் என்பதே இல்லை, கண்ட நேரத்தில் வந்தது. கூட்டை உடைக்கும் நேரம் மட்டுமல்ல, வளர்ந்த ஈக்கள் நடமாடும் ஓய்ந்திருக்கும் நேரமும் அதே கணக்கில் மாறியிருந்தது. மூன்று மாற்றங்களும் எக்ஸ் குரோமோசோமில் ஒரே இடத்தில் இருந்தன. 1971-இல் கொனோப்காவும் பென்சரும் இதை வெளியிட்டார்கள். அந்த மரபணுவுக்குப் 'பீரியட்' என்று பெயர்.

நடத்தை என்பது நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து பின்னும் வலை, ஒற்றை மரபணுவைத் தொட்டு அதை அலசுவது வீண்வேலை என்று அன்று பலர் கருதினார்கள். அந்த ஐயம் முற்றிலும் தவறல்ல. பீரியட் தனியாகக் கடிகாரத்தை ஓட்டவில்லை, அதற்குக் கூட்டாளிகள் பலர் உண்டு. ஆனால் ஒரு பல்சக்கரத்தின் பல்லை மாற்றினால் முள் ஓடும் வேகம் மாறும் என்பதை அந்த மூன்று வரிசைகளும் காட்டிவிட்டன.

வட்டில் நிறைவதும் மூழ்குவதும்

1984-இல் ஜெஃப்ரி ஹாலும் மைக்கேல் ராஸ்பாஷும் சேர்ந்து ஓரிடத்தில், மைக்கேல் யங் இன்னோரிடத்தில், பீரியட் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அது ஓட்டும் கடிகாரத்தைப் புரிந்துகொள்ள நம் முன்னோரின் நாழிகை வட்டிலை நினைத்துக்கொள்ளலாம். அடியில் நுண்துளை இட்ட கிண்ணம் ஒன்றை நீர்மேல் மிதக்கவிடுவார்கள். துளை வழியே நீர் மெல்ல ஏறும். நிறைந்ததும் கிண்ணம் மூழ்கும். அதற்கு 24 நிமிடம், அதாவது ஒரு நாழிகை. பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கவிழ்த்து மீண்டும் மிதக்கவிடுவார்.

ஈயின் மூளைச் செல்லிலும் இதே வேலைதான் நடக்கிறது. பீரியட் மரபணு செயல்படத் தொடங்கினால் அதன் தூது ஆர்.என்.ஏ. பெருகி, இரவின் முற்பகுதியில் உச்சத்தைத் தொடுகிறது. அதைப் படித்துச் செய்யப்படும் புரதம் சில மணி நேரம் பிந்தியே சேர்கிறது. 'டைம்லெஸ்' என்ற இன்னொரு புரதம் அதோடு கைகோக்கிறது. இரண்டும் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, தங்களைச் செய்யச் சொல்லும் மரபணுக்களையே நிறுத்திவிடுகின்றன. வட்டில் மூழ்கிவிட்டது. புதிய புரதம் வரவில்லை, பழையது சிதைந்துகொண்டே போகிறது. எல்லாம் தீர்ந்ததும் தடை நீங்கி, மரபணு மறுபடி விழிக்கிறது. கவிழ்த்த வட்டில் மீண்டும் மிதக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள். இந்தச் சுழலைக் கண்டறிந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொனோப்கா அதற்கு இரண்டு ஆண்டு முன்பே காலமாகிவிட்டார்.

19 மணி நேர ஈயின் வட்டிலில் துளை பெரிது, 28 மணி நேர ஈக்கோ துளை சிறிது என்று கொள்ளலாம். நாளே இல்லாத ஈயிடம் வட்டில் இல்லை. அதன் மரபணு உருப்படியான புரதத்தைச் செய்வதில்லை.

ஒளி இந்த வட்டிலை எப்படித் திருத்துகிறது என்பதும் இந்த உவமைக்குள் அடங்கும். ஒளி பட்டால் டைம்லெஸ் புரதம் சிதைகிறது, அதாவது வட்டில் கவிழ்க்கப்படுகிறது. முன்னிரவில், பாதி நிறைந்திருக்கும்போது கவிழ்த்தால் திரும்ப முதலிலிருந்து நிறைய வேண்டும், கடிகாரம் பின்தங்கும். பின்னிரவில், மூழ்கிக் கிடக்கும்போது எடுத்துக் கவிழ்த்தால் அடுத்த சுற்று சீக்கிரமே தொடங்கும், கடிகாரம் முந்தும். ஒரே ஒளி வேளையைப் பொறுத்து இரண்டு எதிர்த் திசைகளில் தள்ளுகிறது. நகோயாச் சேவல்களிடம் நடத்தையாகப் பார்த்ததை இங்கே புரதமாகப் பார்க்கிறோம்.

நாழிகை வட்டிலால் முடியாத ஒரு வேலையும் இந்தக் கடிகாரம் செய்கிறது. வெப்பம் ஏறினால் வேதிவினைகள் விரைவுபடும். பொதுவாக 10 டிகிரிக்கு இரண்டு மூன்று மடங்கு. ஈயின் உடலுக்கென்று தனி வெப்பநிலை கிடையாது, சுற்றுப்புறம் எப்படியோ அப்படித்தான். ஆனாலும் குளிரிலும் வெயிலிலும் அதன் நாள் ஏறத்தாழ ஒரே நீளம் என்று காலின் பிட்டென்ட்ரி 1954-லேயே காட்டியிருந்தார். நண்பகலில் வேகமாகவும் நள்ளிரவில் மெதுவாகவும் ஓடும் கடிகாரம் யாருக்கு உதவும்?

பெட்டியில் வந்த வெள்ளெலி

பாலூட்டிகளில் இந்தக் கடிகாரத்துக்கு ஒரு தலைமையகம் உண்டு. இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்காகக் கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில், சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து. அதை அழித்தால் எலிகளின் அன்றாட ஒழுங்கு சிதறிவிடுகிறது என்று 1972-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. ஆனால் அழித்தால் நின்றுபோவதாலேயே அது கடிகாரம் ஆகிவிடாது. மின்கம்பியை வெட்டினாலும் விளக்கு அணையும், அதற்காகக் கம்பி விளக்காகிவிடுமா?

இதற்கான தீர்ப்பு தற்செயலாகக் கிடைத்தது. மைக்கேல் மெனாக்கரின் ஆய்வகத்துக்கு வழக்கம்போல வந்து இறங்கிய ஹாம்ஸ்டர் எனும் வெள்ளெலிகளில் ஒன்று ராட்டினச் சக்கரத்தில் 22 மணி நேர நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. மார்ட்டின் ரால்ஃப் அதைக் கவனித்தார். அதன் சந்ததியில், மாறிய மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவற்றின் நாள் 20 மணி நேரமாக இருந்தது. 1988-இல் இதை வெளியிட்டார்கள். அடுத்த சோதனை 1990-இல். இயல்பான ஒரு ஹாம்ஸ்டரின் செல்கொத்தை அழித்துவிட்டு, 20 மணி நேர வகையின் கருவிலிருந்து எடுத்த செல்கொத்தை அந்த இடத்தில் வைத்தார்கள். அது மீண்டும் ஒழுங்காக ஓடத் தொடங்கியது, 20 மணி நேரக் கணக்கில். இடம் மாற்றிச் செய்தபோது விளைவும் மாறியது. உடல் யாருடையதாக இருந்தாலும் நாளின் நீளம் செல்களைக் கொடுத்ததுடையதாகவே இருந்தது.

அந்த ஹாம்ஸ்டரில் பழுதானது எந்த மரபணு என்று 2000-இல் தெரிந்தது. பீரியட் புரதத்தில் பாஸ்பேட் குறியிட்டு அதன் ஆயுளைத் தீர்மானிக்கும் நொதி ஒன்றுக்கானது. ஈயிலும் அதே வேலையை அதே குடும்பத்து நொதிதான் செய்கிறது. அடுத்த ஆண்டே, அந்தி சாய்ந்ததும் தூங்கி விடியலுக்கு வெகுமுன்பே எழும் வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்ந்த ஒரு குடும்பத்தில், மனிதப் பீரியட் மரபணுக்களில் ஒன்றில், இந்த நொதி பற்றும் இடத்திலேயே மாற்றம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஈக்கும் மனிதருக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. கடிகாரத்தின் உறுப்புகள் பல அதிகம் மாறவில்லை.

மதுரைக் குகையில்

இதுவரை பார்த்த கடிகாரங்கள் ஒளியால் திருத்தப்படுபவை. ஒளியே எட்டாத இடத்தில் வாழும் உயிர் என்ன செய்யும்? இதற்கு ஒரு விடை மதுரையிலிருந்து வந்தது.

ஜெர்மனியின் ட்யூபிங்கனில் எர்வின் ப்யூனிங்கிடம் உயிர்க் கடிகாரங்களைப் பற்றிப் பயின்று திரும்பிய எம்.கே. சந்திரசேகரன் 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தை ஆய்வைத் தொடங்கினார். விலையுயர்ந்த கருவிகளைத் தேடிப் போகவில்லை. மதுரையைச் சுற்றிக் குன்றுகளும், குன்றுகளில் குகைகளும், குகைகளில் வௌவால்களும் இருந்தன. அவர் மாணவர்கள் மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோருடன் எடுத்துக்கொண்டது பத்து கிராம் அளவே எடையுள்ள இலைமூக்கு வௌவால். பூச்சி தின்னி.

குகையின் உட்பகுதியில் எப்போதும் இருட்டு. வெக்கையும் ஈரமும் மாறுவதில்லை. ஆனாலும் அந்திக்கு அந்தி கூட்டம் தவறாமல் கிளம்புகிறது. கிளம்பும் முன் சில வௌவால்கள் குகை வாயில் பக்கம் பறந்து, வெளிச்சம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பும். முற்றத்தில் எட்டிப் பார்த்து 'இன்னும் வெயில் தாழலை' என்று உள்ளே போகும் ஆட்களைப் போல.

எட்டிப் பார்க்கவே முடியாத வௌவாலின் கதி? ஆய்வாளர்கள் சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து, ஒளி புகாத அதே குகையின் உட்பகுதியில் வைத்தார்கள். கூண்டுக்குள் வௌவால் அசைவதும் சும்மா தொங்குவதும் கருவியில் பதிவானது. மற்றவை வழக்கம்போல் அந்தியில் போயின, விடியலில் திரும்பின. நாள்கள் கடந்தும் கூண்டு வௌவாலின் கடிகாரம் வெளியுலக நாளோடு பிசகாமல் ஓடியது. வேறு வௌவால்களே இல்லாத இன்னொரு குகையில் இதே இருட்டில் வைத்தபோது நிலை மாறியது. கடிகாரம் ஓடியது, ஆனால் தன் போக்கில் ஓடி, வெளியுலக நாளிலிருந்து தினம் தினம் விலகிப் போனது. 1978-இலும் 1981-இலும் வெளிவந்த கட்டுரைகளில் இதை அவர்கள் விவரித்தார்கள். தன் இனத்தின் போக்குவரத்தே கூண்டிலிருந்த வௌவாலுக்குச் சூரியனாக இருந்திருக்கிறது. வேறு இன வௌவால்களின் போக்குவரத்து இப்படி உதவவில்லை என்றும் பின்னால் கண்டார்கள்.

அதே இனத்தின் கடிகாரத்தைப் புகைப்பட ஃபிளாஷ் போன்ற ஓர் ஒளிவெட்டு, வெறும் 0.5 மில்லிநொடி ஒளி, திருத்திவிடும் என்பதையும் மதுரை ஆய்வகம் 1984-இல் காட்டியது. அவ்வளவு நுண்ணிய ஒளியுணர்வு கொண்ட உயிர், ஒளி கிடைக்காத இடத்தில் சுற்றத்தைக் கொண்டு நேரத்தைச் சரிபார்த்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் பாட்டி வீட்டுச் சேவல்கள் என் நினைவுக்கு வருகின்றன. நகோயாக் குழு 2015-இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டது. சேர்ந்து வாழும் சேவல்களில் எது முதலில் கூவுகிறது? சண்டையிட்டுத் தலைமையைப் பிடித்த சேவல். அதன் பின் இரண்டாவது, அதன் பின் மூன்றாவது, அதிகார வரிசை மாறாமல். தலைமைச் சேவலை எடுத்துவிட்டால் அன்றைக்கு இரண்டாவது சேவல் முதலில் கூவுகிறது. அதற்குள்ளும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பெரியது வாயைத் திறக்கும்வரை அது பொறுத்திருக்கிறது.

தொழுவத்துச் சுவர், எதிர்வீட்டுக் கூரை, நாலு வீடு தள்ளி. பாயில் படுத்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்த வரிசை அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். தொழுவத்துச் சேவல் ஒரு பொங்கலுக்குக் குழம்பானது. மறுநாள் பாட்டி எழுந்தது எதிர்வீட்டுக் கூரையின் குரலுக்கு.